செம்பருக்குக் கிடைத்த சல்லிப் பத்திரம்

பிரான்சில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தங்கத்துக்குத்தான் மரியாதை. மெற்றோவால் இறங்கிப் பத்து எட்டு வைப்பதற்குள் ஏழு நகைக்கடை. கழுத்திலும் காதிலும் கண்ணாடிப் பெட்டியிலும், போதாததற்குப் பேச்சிலும் தங்கம். அந்தத் தெருவில் செம்பு என்ற சொல் காதில் விழுந்தால், ஒன்றில் யாரோ நகைக்கடைக்காரரோடு சண்டை பிடிக்கிறார், அல்லது மகேந்திரராசா வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் செம்பர். வைத்தவர் ஒரு நகைக்கடை முதலாளி.

"நாங்கள் தங்கத்துக்குள்ளை ஒரு பொட்டுச் செம்பு கூடப் போட்டால் கள்ளர் எண்டுறியள். இந்த மனுசன் முழுச் செம்பையும் காசு குடுத்து வாங்குது. ஆரப்பா இஞ்சை புத்திசாலி?" என்று அவர் கடைவாசலில் நின்று கேட்டபோது தெருவே சிரித்தது. மகேந்திரராசாவும் சிரித்தார். பிறகு அதே முதலாளியிடம் போய், நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, தான் குடியிருக்கிற கார்ஜுக்கு ரயில் ஏறினார். காசுகளை நிறுக்க அது தேவைப்பட்டது.

விசயம் தொடங்கியது 2009 ஒக்ரோபர் பதினோராம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. லா சப்பலில் மளிகைக்கடையில் நிற்கிற அக்கா சாரதாதேவி, சட்டைக்குப் பொத்தான் வாங்கிவரச் சொல்லி அவரைப் பழஞ்சாமான் சந்தைக்கு அனுப்பியிருந்தார். ஒரு தகரப்பேணி நிறையப் பொத்தான், இரண்டு யூரோ. வீட்டில் கொட்டிப் பார்த்தால் அதற்குள் ஓட்டையில்லாத பொத்தான் ஒன்று கிடந்தது. கறுத்துப்போன செம்பு. குறுக்களவு இருபத்தெட்டு மில்லிமீற்றர். ஒரு பக்கத்தில் தலைமயிரை அவிழ்த்துவிட்ட ஒரு பெண். மறுபக்கத்தில் இலைவளையம், அதற்குள்ளே ஆங்கிலத்தில் 'ஒன் சென்ற்'. வருடம் 1798.

பிரான்சுக்கு வந்து பத்து வருடத்தில் அவருக்கு வந்த கடிதம், கட்டணம், எச்சரிக்கை எல்லாமே பிரெஞ்சில் வந்தவை. அகராதி இல்லாமல் அவர் வாசித்து விளங்கிக்கொண்ட முதல் எழுத்து அந்தக் காசில் இருந்தது. ஒரு சதம். அமெரிக்கா என்ற நாடு புதிதாகப் பிறந்து, தனக்கென்று அடித்த ஆரம்பகாலச் செப்புக்காசு. அக்காவுக்குப் பொத்தான்கள் போயின. ஓட்டையில்லாதது அவரிடம் நின்றுவிட்டது.

ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சலாட் செய்கிற மனுசன் அவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனால் வெங்காயத்தை ஒரே தடிப்பில் வெட்டத் தெரிந்த கைக்குக் காசைப் பார்க்கவும் தெரியும் என்பதை அவர் ஏழு வருடத்தில் நிரூபித்தார். இருபத்துமூன்று காசு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிதவுறையில். உறையின்மேல் வருடம், நிறை, வாங்கிய இடம், விற்றவன் சொன்ன பொய்.

மிகப் பழைய அமெரிக்கச் சதத்தை வாங்க அவருக்கு வசதி இல்லை. படம் மட்டும் வைத்திருந்தார். 1793இல் அடித்த அந்தக் காசில், நாட்டின் பெயரைச் சுற்றிவர எழுதிக்கொண்டு வந்தவனுக்கு இடம் பற்றாமல் போய், 'அமெரி' என்று எழுதி ஒரு புள்ளி வைத்துவிட்டான். மகேந்திரராசா தன் வதிவிட அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் பெட்டிக்குள் இடம் பற்றாமல் அவர் 'மகேந்திரரா'வோடு நின்றிருந்தார். "அவங்கள் புள்ளியாவது வைச்சவங்கள்" என்றார்.

2014இல் நிலத்துக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மெசின் ஒன்று வாங்கினார். நீண்ட தடி, நுனியில் வட்டத் தட்டு, காதுக்கு ஒரு கருவி. பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளும் இருந்தது. பழைய சரித்திரப் பொருள்களைத் தேடுவதானால் அரசாங்க அனுமதி எடுக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. விற்றவனிடம் திரும்பிப் போய்க் கேட்டார்.

"அதையா? ஒருத்தரும் வாசிக்கிறதில்லையே" என்றான் அவன்.

மகேந்திரராசா வாசித்துவிட்டார். வாசித்தபிறகு வாசிக்காதவன் மாதிரி நடக்க அவருக்குத் தெரியாது. அதற்கொரு காரணம் உண்டு. அகதி விண்ணப்பத்தில் அவர் எழுதியதெல்லாம் உண்மை. ஒரேயொரு திகதி மட்டும் பிழையாகிவிட்டது; மார்ச் என்று எழுதவேண்டிய இடத்தில் மே. அந்த இரண்டு மாதத்துக்காக அவரை நிராகரித்தார்கள். அவரோடு ஒரே அறையில் இருந்தவன் சொந்தமாக ஒரு கதையைக் கட்டி, திகதிகளை மட்டும் சரியாக எழுதி, ஆறு மாதத்தில் அட்டை எடுத்துக்கொண்டு போனான். மகேந்திரராசாவுக்கு மேன்முறையீடு போட்டு இரண்டாம்முறைதான் கிடைத்தது. அன்றிலிருந்து பேப்பரில் அவர் பிழைவிடுவதில்லை. எனவே மெசின் இரண்டு வருடம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

2016 கோடையில் உணவகத்துச் சமையல் தலைவன் எல்லோரையும் தன் தகப்பனின் பண்ணைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தான். வடக்கே, ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் ஒரு கிராமம். அங்கிருந்த தேவாலயச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை. 1780இல் அமெரிக்காவுக்குச் சண்டைக்குப் போய்த் திரும்பிவந்த ஐந்து பேரின் பெயர். மகேந்திரராசா பலகைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். கோழி ஆறிப்போனது.

போனவர்கள் வெர்ஜீனியாவில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தவர்கள். வெர்ஜீனியாவில் அப்போது 1773ஆம் ஆண்டுச் செப்பு அரைப்பென்னி ஓடியது. சிப்பாயின் சட்டைப்பையில் ஒன்றாவது ஊருக்கு வராமலா இருந்திருக்கும்?

"ஐயா, இந்த ஊரிலை அந்தக் காலத்துச் சாராயக்கடை எங்கை இருந்தது?" என்று சமையல் தலைவனின் தகப்பனான கிழவரிடம், சமையலறையில் பழகிய தன் குசினிப் பிரெஞ்சில் கேட்டார்.

கிழவர் கையை நீட்டினார். தன் சொந்தக் காணிதான். கடை இடிந்து நூறு வருடம். இப்போது வெறும் வயல்.

மகேந்திரராசா மூன்று வருடம் மதுக்கடை ஒன்றில் நிலம் துடைத்தவர். சல்லி எங்கே விழும் என்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மேசையடியில் விழுவதைக் குனிந்து எடுப்பார்கள். வாசலுக்கு வெளியே, இரண்டு காலடி தள்ளி, குடிவெறியோடு கால்சட்டையில் கைவிடுகிற இடத்தில் விழுவதை ஒருத்தரும் எடுப்பதில்லை.

"தேடு, தேடு" என்றார் கிழவர். "ஆனால் கெதியா. காணியை விலைபேசியாச்சு. வாற வருசம் மே மாசம் சாமான் களஞ்சியம் கட்டக் கொங்கிறீற் போடப்போறாங்கள்."

அன்று பின்னேரமே விசயம் அக்காவிடம் வந்தது. மளிகைக்கடையில் முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டே சாரதாதேவி கேட்டார்.

"நீ இப்ப என்ன செய்யப்போறாய்?"

"அனுமதிக்கு எழுதப்போறன் அக்கா. கிடைச்சால் அந்தக் காசை எடுப்பன். மே மாசத்துக்குள்ளை கிடைக்காட்டில் அதுக்கு மேலை கொங்கிறீற்றுத்தான்."

"எழுது. ஆனா ஒண்டு. அமெரிக்கா எண்ட சொல்லை மட்டும் எழுதாதை."

"ஏன்?"

"அகதிக் கேசிலை மூண்டாவது நாட்டின்ரை பேர் வரக்கூடாது. வந்தால் அங்கை போய்க் கேக்கச் சொல்லுவாங்கள். எத்தினை பேருக்கு நடந்தது!"

அக்கா சொன்னது நியாயமாகப் பட்டது. முப்பது வருட அனுபவம்.

எழுதிக்கொடுக்க அவர் பிடித்தது மரி-லூயிஸ் அம்மாவை. புதுச்சேரிக்காரர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் மொழிபெயர்ப்பு அலுவலகம் வைத்திருந்தார். பிரெஞ்சு அவருக்குத் தாய்ப்பால் மாதிரி. தமிழும் அப்படித்தான், ஆனால் அது புதுச்சேரித் தமிழ்.

"சொல்லுங்க ஐயா, எந்தப் பேப்பர்?"

"மதாம், நான் பழைய சல்லி தேடப்போறன். நிலத்துக்குள்ளை கிடக்கிறது. அதுக்கு அனுமதி வேணும்."

யாழ்ப்பாணத்தானுக்குச் சல்லி என்றால் காசு. புதுச்சேரிக்காரிக்குச் சல்லி என்றால் றோட்டுக்கும் வீட்டுக்கும் போடுகிற கல். இரண்டு பேரும் நல்ல தமிழர் என்பதால், தாங்கள் பேசுவது ஒரே பாஷை என்று நம்பினார்கள்.

"சல்லியா? தோண்டியா எடுக்கப்போறீங்க?"

"ஓம். கனக்க இல்லை. ஒரு சாண் ஆழம்."

"லாரி வருமா?"

"லொறியோ! எனக்கு ஒரு வாளி காணும் மதாம்."

"மெஷின் உண்டா?"

"கையிலை பிடிக்கிற மெசின்தான்."

"என்னா கலரு?"

"செம்பு நிறம். பழசெண்டால் பச்சை பிடிச்சிருக்கும்."

"பாசி. சரி. எவ்ளோ வேணும்?"

"ஒண்டு கிடைச்சாலே காணும்."

"ஒண்ணா? ஒரு கனமீட்டர் கேட்டா யோசிப்பாங்க. அரைன்னு போடுறேன்."

அவர் 'கனமீட்டர்' என்றதை வேகமாகச் சொன்னார். மகேந்திரராசாவின் காதில் விழுந்தது 'அரை' மட்டும். அமெரிக்கா அந்தக் காலத்தில் அரைச்சதமும் அடித்தது.

"அரை எண்டால் இன்னும் நல்லது மதாம். அது அரிது" என்றார் முகம் மலர்ந்து.

மரி-லூயிஸ் அம்மா கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. ஏன் எதற்கு என்று கேட்கிற மொழிபெயர்ப்பாளரிடம் ஒருத்தரும் இரண்டாம்முறை வருவதில்லை. எழுதி முடித்ததும் கடகடவென்று வாசித்துக் காட்டினார். நடுவில் 'கிறாவியே' என்று ஒரு சொல் நாலுதரம் வந்தது. பிரெஞ்சில் அது சரளைக்கல். மகேந்திரராசாவுக்குத் தெரிந்தது 'கிறாவே', செதுக்கியது என்று பொருள். செதுக்கிய செம்பு. காசை இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? கையெழுத்து வைத்தார்.

பிறகு காத்திருந்தார். செப்ரெம்பர், ஒக்ரோபர், நவம்பர். தபால்பெட்டியை நாளுக்கு இரண்டுதரம் திறந்தார். அக்கா நாளுக்கு ஒருதரம் தொலைபேசியில் கேட்டார். 2017 ஜனவரி இருபத்துநான்காம் திகதி பதிவுத்தபால் வந்தது. 'அனுமதி' என்று மேலே தடித்த எழுத்து. கீழே வட்ட முத்திரை. காணி இலக்கம் சரி. பெயர், வழக்கம்போல, 'மகேந்திரரா'. காலம் மூன்று மாதம். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவசியம் தோன்றவில்லை. முத்திரை வந்தபிறகு நடுவைப் பார்க்கிறவன் யார்? ஐந்து பிரதி எடுத்தார். ஒன்று அக்காவுக்கு.

"என்ரை தம்பியின்ரை ஆராய்ச்சிக்கு அரசாங்கம் கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கு" என்று சாரதாதேவி கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னார். மரக்கறி நிறுக்கிற நேரத்தில் சொன்னதால், கேட்காமல் போக ஒருத்தராலும் முடியவில்லை.

மார்ச் ஐந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மெசினோடும் வாளியோடும் பண்ணைக்குப் போனார். கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பத்திரத்தை வாசித்தார். இரண்டாம்தரமும் வாசித்தார். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உனக்கு என்ரை சரளைக்கல்லோ வேணும்? அரைக் கனமீற்றர்? எடு மகனே, எடு!"

மகேந்திரராசா பத்திரத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் பார்த்தார். செதுக்கியது இல்லை, கல்தான். அது கல் எடுக்க அனுமதி கொடுக்கிற அலுவலகம். மரி-லூயிஸ் அம்மாவின் கேள்விகள் ஒவ்வொன்றாக அவருக்குத் திரும்பக் கேட்டன. லொறி. பாசி. அரை. வயலின் ஓரத்தில் நின்று அக்காவுக்குத் தொலைபேசி அடித்தார்.

"அக்கா, பேப்பர் பிழை. கல்லுக்குத் தந்திருக்கிறாங்கள்."

"முத்திரை சரியோ?"

"முத்திரை சரி."

"பிறகென்ன? என்ரை வதிவிட அட்டையிலை நான் பிறந்தது ஜனவரி முதலாம் திகதி. உன்ரை அத்தான் பிறந்ததும் ஜனவரி முதலாம் திகதி. இந்த லா சப்பலிலை பாதிச் சனம் ஒரே நாளிலை பிறந்தது. ஆரும் திருத்தினதோ? பேப்பர் எண்டால் பிழையாத்தான் இருக்கும். நீ கிண்டு."

"கல்லுக்குத் தந்த பேப்பரோடை காசு கிண்டேலாது."

"அப்ப கல்லைக் கிண்டு. காசு வந்தால் நீ என்ன செய்யிறது?"

இப்படியும் ஒரு சட்டம் உலகத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டே அவர் வேலையைத் தொடங்கினார். தொடங்கினதும் ஒழுங்காகச் செய்தார். கடை வாசல் இருந்த இடத்தைக் கயிறு கட்டி அளந்து, இரண்டு காலடி தள்ளி, மெசின் சத்தம் போட்ட இடங்களில் ஒரு சாண் கிண்டினார். வந்த சரளைக்கல்லைக் கழுவி வாளியில் போட்டார். பத்திரத்தில் எழுதியதை அவர் எடுக்காமல் விடவில்லை. பின்னேரம் இரண்டு வாளிக் கல்லோடு ரயிலேறினார். எதிரே இருந்த பெண் வாளியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தபோது பத்திரத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

முதல் ஞாயிறு: ஆணி பதினொன்று, குதிரைலாடம் பாதி. இரண்டாவது ஞாயிறு: ஈயக்குண்டு ஒன்று, நேற்று யாரோ குடித்த சோடாவின் மூடி மூன்று. கார்ஜ் வீட்டுப் பல்கனியில் நாலு வாளிக் கல்.

மூன்றாவது ஞாயிறு, மார்ச் பத்தொன்பதாம் திகதி, பதினொன்றே கால் மணிக்கு மெசின் ஒரு சின்னக் குரலில் கூப்பிட்டது. மண்ணைக் கையால் விலக்கினார். கல். கல். மூன்றாவது கல் வட்டமாக இருந்தது.

துடைக்கவில்லை. பழைய செம்பைத் தேய்க்கக்கூடாது. போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். ஒரு பக்கத்தில் இலைமாலை சூடிய ஒரு ராசாவின் தலை. மறுபக்கத்தில் கேடயம், அதன் இடப்பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து: வெ-ர்-ஜி என்று வாசிக்கலாம். மேலே முடிக்கு இந்தப்பக்கம் பதினேழு, அந்தப்பக்கம் எழுபத்துமூன்று. இருபத்தைந்து மில்லிமீற்றர். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வயலில் இருந்துவிட்டார். எட்டு வருடமாகப் படித்தது, ஒரு சிப்பாய் தவறவிட்டது, ஒரு நிலந்துடைக்கிறவன் கணக்குப் போட்டது, எல்லாம் ஒரே இடத்தில்.

தற்செயலாகப் பழம்பொருள் கண்டெடுத்தவர் கிராமசபையில் அறிவிக்கவேண்டும் என்றும், மெசின் பெட்டிக்குள் கிடந்த அந்தத் துண்டுத்தாளில் இருந்தது. அடுத்தநாள் திங்கள், உணவகத்துக்கு விடுமுறை. கிராமசபையில் ஒரு செயலாளர் அம்மா இருந்தார். நல்ல மனுசி. கிழவர் முதலே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

"கல் எடுக்கும்போது காசு வந்தது. உங்களிடம் கல்லுக்குப் பத்திரம் இருக்கிறது. இதைவிடச் சுத்தமான விசயம் எனக்கு இதுவரை வந்ததில்லை" என்றார் அவர். "நிபுணர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். காணிக்காரர் தன் பங்கு வேண்டாம் என்கிறார். இந்தப் பெட்டியில் ஒரு கோடு போடுங்கள், போதும்."

பெட்டிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது: தற்செயலாகக் கண்டெடுத்தது.

மகேந்திரராசா பேனையை எடுத்தார். கோடு ஒரு சென்ரிமீற்றர்கூட வராது. போட்டால் காசு வீட்டுக்கு வரும். இருபத்துநாலாவது உறையில் இருக்கும். பொய் என்று யாரும் சொல்லமுடியாது. சொல்லக்கூடியவர் அவர் ஒருத்தர்தான். தன்னோடு ஒரே அறையில் இருந்தவனின் நினைவு வந்தது. அவனானால் இரண்டு கோடு போட்டிருப்பான்.

"மதாம், இது தற்செயல் இல்லை" என்றார்.

"என்ன?"

"நான் தேடினனான். எட்டு வருசம். சாராயக்கடை வாசலிலை விழுமெண்டு தெரிஞ்சுதான் கிண்டினனான். கல்லுத்தான் தற்செயல்."

அந்த அம்மா தன் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "மிசியே, நீங்கள் சொல்வதை நான் எழுதினால் காசு திரும்பிவராது. உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் வரும். கேட்காத மாதிரி இருக்கட்டுமா?"

"இல்லை மதாம். எழுதுங்கோ. திகதியோடை எழுதுங்கோ."

அவர் எழுதினார். மகேந்திரராசா காசை ஒரு கடிதவுறையில் போட்டு, மேலே வருடம், அளவு, நிறை 7.3 கிராம் என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிக் கொடுத்தார். விற்றவன் சொன்ன பொய் என்ற இடத்தை வெறுமையாக விட்டார்.

கடிதம் யூன் எட்டாம் திகதி கிடைத்தது. கொங்கிறீற் போட்டு மூன்று கிழமை. மளிகைக்கடையில் அக்காவுக்கு முன்னால் உடைத்து, தட்டுத்தடுமாறி வாசித்தார். காசு உண்மையானது. அந்த வட்டாரத்தில் இப்படியொன்று கிடைத்ததாக வேறு பதிவு இல்லை. அரசாங்கம் வைத்துக்கொள்கிறது. கண்டெடுத்தவர் மகேந்திரரா, அனுமதி பெறாத 'ஷெர்ஷெர்'. இனிமேல் இப்படிச் செய்தால் தண்டம்.

"பொறு, பொறு. ஷெர்ஷெர் எண்டால் என்ன?" என்றார் அக்கா.

"தேடுறவன் எண்டும் சொல்லலாம். ஆராய்ச்சியாளன் எண்டும் சொல்லலாம்."

"ஆராய்ச்சியாளன்!" சாரதாதேவி தராசிலிருந்த கத்தரிக்காயை விட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். "கேட்டியளோ? அரசாங்கம் எழுதியிருக்கு."

"அக்கா, முன்னாலை 'அனுமதி பெறாத' எண்டு கிடக்கு."

"அதுக்கென்ன? இந்த வரிசையிலை நிக்கிற ஆர் அனுமதி பெற்று வந்தது? வந்தாப்பிறகுதானே எல்லாருக்கும் தந்தவங்கள்." கடிதத்தை வாங்கி, ஈரக்கையைச் சேலையில் துடைத்து, மடிப்பு நீவிவிட்டார். "உன்ரை முதல் கேசையும் நிராகரிச்சவங்கள்தானே. மேன்முறையீடு போடு. இந்தமுறை அமெரிக்காவையும் எழுது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மகேந்திரராசா சிரிக்கவில்லை. கடிதத்தின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தார். மே பத்தொன்பது. மேன்முறையீட்டுக்கு உள்ள இரண்டு மாதத் தவணையில் இன்னும் நாற்பத்தொரு நாள் கிடந்தது.